மூன்று டம்ளர்

மூன்று டம்ளர் தண்ணீர் வந்தது. அறையில் இருந்ததோ நான்கு பேர்.

அம்புஜம் முதலில் தன் கணவர் வெங்கடபதிக்குக் கொடுத்தாள். அடுத்து அவருடைய கட்சிக்காரன் சுப்பண்ணனுக்கு. மூன்றாவதைக் கேமராவுக்குப் பின்னால் நின்ற வம்சியிடம் நீட்டினாள். யுஸ்ராவைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் தட்டோடு உள்ளே போய்விட்டாள்.

வாசலுக்கு வந்த பகையாளிக்கும் தண்ணீர் கொடுத்துவிட்டுத்தான் பேச்சை எடுப்பார்கள் அந்தப் பக்கம். சுப்பண்ணன் மீசைக்குள் சிரித்தான்.

வம்சி தன் டம்ளரை யுஸ்ராவின் பக்கம் நகர்த்தினான். “நீ குடி. உதடு காஞ்சு கெடக்குது.”

“வேண்டாம். கேமராவப் பாரு.”

“ரோஷத்துக்கு ஒண்ணும் கொறச்சல் இல்ல,” என்று முணுமுணுத்தபடி அவனே குடித்தான்.

யுஸ்ரா பீளமேட்டில் இதழியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். ‘நேராக் கேளு’ என்ற அவளுடைய அரசியல் பேட்டி பாட்காஸ்டின் முதல் பகுதியை நாற்பத்தொரு பேர் கேட்டார்கள். அதில் பாதி சொந்தக்காரர்கள். போன மாதம் சின்னக்குட்டையைப் பற்றிப் போட்ட பகுதியை இரண்டு லட்சம் பேர் கேட்டிருந்தார்கள். அதனால்தான் தேர்தலில் நிற்கப்போகும் வெங்கடபதியே கூப்பிட்டுப் பேட்டி தருகிறேன் என்றார்.

பேட்டி பத்து நிமிடம் ஒழுங்காகத்தான் ஓடியது.

“குட்டைய மூடிப் போட்ட மனையெல்லாம் உங்க சம்சாரம் பேர்ல இருக்குதுங்களே?” என்று அவள் கேட்டதும், அவர் சட்டையில் குத்தியிருந்த மைக்கைப் பிடுங்கி மேசைமேல் போட்டார்.

“அவளுக்கு என்ன தெரியும்? காட்டற எடத்துல கையெழுத்துப் போடுவா. அந்தப் பத்திரத்த உனக்கு அனுப்புனது யாரு அம்மணி? அதச் சொல்லு மொதல்ல.”

“தெரியாதுங்க.”

அது உண்மைதான். ஒரு எண்ணிலிருந்து படங்கள் வரும். பேர் கிடையாது, குரல் கிடையாது. குட்டையின் பழைய வரைபடமும், லாரி மண் கொட்டுகிற படமும், பத்திரத்தின் முதல் பக்கமும் அப்படித்தான் வந்தன. இன்று காலை தன் கேள்விகளை அந்த எண்ணுக்கு அனுப்பி, ‘ரெண்டு மணிக்கு அவர் வீட்டுல பேட்டிங்க. பெருநாளுக்கு அப்புறம் வெக்கிற நோன்பு இன்னிக்கு, ஆறரைக்கு மேல மெசேஜ் பண்றேன்’ என்று எழுதியிருந்தாள். பதிலுக்குக் கட்டைவிரல் படம் ஒன்று வந்தது. அவ்வளவுதான்.

“உங்க காலேஜ் தாளாளர் எனக்கு மாமன் முறை,” என்றார் வெங்கடபதி. “ஒரு போன் போட்டா உனக்கு ஹால் டிக்கெட் கெடையாது. தம்பி வம்சி, நீ நம்ம பையன். நீ ஏன்டா இவ பின்னாடி பெட்டி தூக்கிட்டுத் திரியற?”

வம்சி குனிந்து கேமராவைச் சரிசெய்தான். வெங்கடபதி மறுபடி யுஸ்ரா பக்கம் திரும்பினார்.

“சரி, பேரு வேண்டாம். நம்பரக் குடு. இப்பவே அடிச்சுப் பாத்தறலாம், எவன் எடுக்கறான்னு.”

சுப்பண்ணன் எழுந்துபோய்க் கதவை அடைத்து நின்றுகொண்டான்.

யுஸ்ரா போனை மடியில் கவிழ்த்தாள். பத்து இலக்கம்தான். கொடுத்தால் படிப்பு பிழைக்கும். ஆனால் அந்த எண் அவளிடம் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்று: ‘என்னக் காட்டிக் குடுத்துராத.’

“தர மாட்டேனுங்க.”

“சுப்பண்ணா, போன வாங்கு.”

அவன் கை நீண்டது. அதே நேரம் சமையலறையில் பாத்திரம் ஒன்று விழுந்து உருண்டது. அம்புஜம் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வெளியே வந்தாள்.

“ஏனுங்க, புத்தி இருக்குதுங்களா? பொட்டப்புள்ள கையிலிருந்து போனப் புடுங்கறத ஊரே பாக்கட்டும்னா? அந்தக் கேமரால செவப்பு லைட்டு இன்னும் எரியுது, கண்ணு தெரியலீங்களா?”

சுப்பண்ணனின் கை தானாக மடங்கியது. வெங்கடபதி கேமராவைப் பார்த்தபடி முகத்தைத் துடைத்தார்.

“எடுத்தது அத்தனையும் அழிச்சுப்போட்டு ஓடுங்க,” என்றார்.

அவர் கண்ணெதிரே வம்சி எல்லாவற்றையும் அழித்தான். இரண்டு வாரம் உட்கார்ந்து தயார் செய்த பேட்டி, இரண்டு நொடியில் போனது.

“கெளம்பு,” என்றாள் அம்புஜம் யுஸ்ராவிடம். “இனி இந்த ஊட்டுப் படி ஏறாத.”

கேட்டைத் தாண்டியதும் வம்சி பொரிந்து தள்ளினான். “அந்தாளாவது பயத்துல கத்துறாரு. அந்தம்மாவுக்கு என்ன? எல்லாத்துக்கும் தண்ணி, உனக்கு மட்டும் இல்ல. எதுக்குன்னு எனக்குத் தெரியும்.”

யுஸ்ராவும் தனக்குத் தெரியும் என்றுதான் நினைத்தாள். அவள் கண் கலங்கியது.

“ஏ புள்ள, நில்லு!”

அம்புஜம் மைக் பையைத் தூக்கிக்கொண்டு வேகமாக வந்தாள். “உன்ற சாமான் ஒண்ணும் எங்கூட்டுல கெடக்கப்படாது!” தெருவே திரும்பிப் பார்த்தது. ஜன்னலில் சுப்பண்ணன் பல்லைக் காட்டினான்.

பையை அவள் யுஸ்ராவின் கையில் திணித்தாள். கொண்டு வந்தபோது இருந்ததைவிடக் கனமாக இருந்தது. மூடாத ஜிப்புக்குள், மைக்குக்குப் பக்கத்தில், ஒரு தண்ணீர் பாட்டில்.

அம்புஜத்தின் முகத்தில் கடுகடுப்பு மாறவில்லை. உதடு மட்டும் மெல்ல அசைந்தது.

“நோன்பு தொறந்துபோட்டு போனப் பாரு கண்ணு, மிச்சப் பத்திரம் வந்திருக்கும்.”