இரண்டாவது தாள்

கல்லூரி மருத்துவ அறையில் தரையைத் துடைத்துக்கொண்டிருக்கிறேன். ஜன்னல் வெயில் ஈரத்தில் பட்டுக் கண் கூசுகிறது. மேசையருகே விடுதி மாணவன் ஒருவன், குடிப்பழக்கம் பற்றிய கேள்வித்தாளில் 'ஒருபோதும் இல்லை' என்ற கட்டங்களை மேலிருந்து கீழாக மளமளவென்று டிக் அடிக்கிறான். நாற்பது வயதில் எழுத்துக்கூட்டப் பழகிய நான், சுவரில் ஒட்டியிருக்கும் அதே தாளில் இன்னும் இரண்டாம் கேள்வியைத் தாண்டவில்லை. நர்ஸம்மா தாளை வாங்கிப் பார்க்கிறார். "ஏம்ப்பா, இந்த மாசம் ஒருநாள்கூட நீ சாப்பிடலையா?" படிக்காமல் டிக் அடிப்பவர்களைப் பிடிக்க, நடுவில் சாப்பாட்டைப் பற்றி ஒரு கேள்வி வைப்பது அவர் வழக்கம். "அவசரத்துல போட்டுட்டேன் சிஸ்டர். க்ளாஸுக்கு நேரமாச்சு." "போன வருஷம் ஒருத்தன் இப்படித்தான் எல்லாத்துக்கும் இல்லன்னு போட்டான். ரெண்டே மாசத்துல போய்ச் சேர்ந்துட்டான். நீ உக்காரு." புதுத் தாளை வைத்து, நாற்காலியை இழுத்துப் போட்டு அவரும் உட்கார்கிறார். மின்விசிறி கடகடக்கிறது. பேனா ஏழாவது கேள்வியில் நிற்கிறது; நர்ஸம்மா அதைப் படித்துக் காட்டுகிறார்: குடித்தபோது நடந்தது மறுநாள் நினைவில்லாமல் போனதுண்டா? அவன் என் வாளியைப் பார்க்கிறான், பிறகு என் முகத்தை. "அண்ணே, போன வாரம் பாத்ரூம்ல விழுந்து கெடந்தேனாமே. என்னை ரூமுக்குத் தூக்கிட்டுப் போனது யாரு?" "நான்தான் தம்பி. வழியெல்லாம் உங்கம்மாவப் பத்திப் பேசிக்கிட்டே வந்தியே." அவன் காதுமடல் சிவக்கிறது. காற்றில் பறக்காமல் தாளின் ஓரத்தை நர்ஸம்மா விரலால் அழுத்திக்கொள்கிறார். 'பலமுறை' என்ற கட்டத்தில் அவன் மெதுவாக டிக் அடித்துவிட்டு, எட்டாவது கேள்வியை வாய்விட்டுப் படிக்கிறான்.