கரும்பச்சைத் தோட்டம்

தேயிலைத் துறை அதிகாரி கீர்த்திவாசனுக்கு மலை ஏறினால் மூச்சு வாங்கும். அதனால் குன்னூர் அலுவலகத்தில் உட்கார்ந்தபடியே, செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து, மாவட்டத்தின் சிறந்த பசுமைத் தேயிலைத் தோட்ட விருதுக்கு ஒரு தோட்டத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டார். உரிமையாளர் ஆறுக்குட்டியை வரவழைத்தார்.

"ஏனுங்க, தேயிலை விலை விழுந்ததுல உங்க எமரால்டு ஊருல எல்லார் தோட்டமும் படத்துல வெளிறிக் கெடக்குது. உங்களுது மட்டும் கரும்பச்சை! என்ன உரம் போட்டீங்க?"

"ஒண்ணும் போடலீங்க."

"மருந்து?"

"அதுவும் அடிக்கலீங்க."

கீர்த்திவாசன் பூரித்துப்போனார். "இயற்கை விவசாயம்! இனி எல்லாரும் உங்களை மாதிரியே செய்யோணும். விருதை உங்க தோட்டத்துல வெச்சு நானே குடுக்கறேன்."

ஆறுக்குட்டி நெளிந்தார். "தோட்டத்துல வேண்டாமுங்க. பறிகூலிக்கே கட்டுபடியாகாம மூணு வருசமா அப்படியே போட்டுட்டு, திருப்பூர் பனியன் கம்பெனியில வாட்ச்மேனா இருக்கறேனுங்க. தேயிலையெல்லாம் மரமாயிருச்சு. உள்ளார கரடி குட்டி போட்டிருக்குது."

கீர்த்திவாசன் திரையைப் பெரிதாக்கிப் பார்த்தார். கரடி தெரியவில்லை, பச்சைதான் தெரிந்தது. "படம் பொய் சொல்லாதுங்க. நாளைக்கே வர்றேன்."

"வாங்க," என்றார் ஆறுக்குட்டி பணிவாக. "மேட்டுல ஓட வருமுங்களா?"