மயில் கழுத்து

“கோயி ஹிலேகா நஹீன்! யாரும் அலமாரி கிட்ட போகக் கூடாது!”

காக்கி உடுப்பில் இருந்த அந்த இளம்பெண், கதவைத் தள்ளிக்கொண்டு ஜெயலட்சுமியின் வீட்டுக்குள் பாய்ந்தாள். பின்னாலேயே வனத்துறை மேலதிகாரி திவாரி. அவருக்கும் பின்னால், சாட்சிக்கு ஒரு தமிழ் ஆள் வேண்டும் என்று இழுத்து வரப்பட்ட கீழ் வீட்டு ரங்கராஜன். பாதி ஷேவிங்கில் பிடித்து வந்துவிட்டார்கள். ஒரு கன்னத்தில் இன்னும் சோப்பு நுரை.

“என்ன அநியாயம் இது! ஜயா ஜனக்புரி முழுக்கப் பட்டுப்புடவை சப்ளை பண்றவ. அவ ஆத்துல ரெய்டா?” என்று நுரையோடு சீறினார்.

“கம்ப்ளெயின்ட் ஆயிருக்கு, அங்கிள். நான் ஸ்நேகா. இந்த ஆன்ட்டி வெளிநாட்டுக்கு மயில் கழுத்து பேச்சறாங்க... வோ... விக்கறாங்க.”

“எதை விக்கறா?”

“மயிலோட கர்தன்.” ஸ்நேகா தன் கழுத்தைத் தொட்டுக் காட்டினாள். “போன்ல ‘மயில் கழுத்து ரெடி’ன்னு சொன்னாங்க. கேட்டவங்க இருக்காங்க.”

ஜெயலட்சுமி சிரித்த சிரிப்பில் கண்ணாடி மூக்கிலிருந்து நழுவியது.

“அட அசடே! மயில் கழுத்துங்கறது புடவைக் கலர்டி! உங்கம்மா உனக்குப் புடவையே கட்டி விட்டதில்லையா?”

ரங்கராஜனும் சேர்ந்து சிரித்தார். ஸ்நேகா விடவில்லை. முருகன் படத்தில் செருகியிருந்த மயிலிறகைக் காட்டினாள்.

“அப்போ இது?”

“சாணக்யபுரி பக்கம் வாக்கிங் போனப்போ கீழே கிடந்தது. அதுக்கும் ஜெயிலா?”

“நஹீன் ஆன்ட்டி. மயில் தானா உதிர்த்த தோகை வெச்சுக்கலாம். வெளிநாட்டுக்குத்தான் அனுப்பக் கூடாது. கழுத்து பங்க்... இறகு வேற. அது வேணும்னா மயிலை மார்னா... கொல்லணும்.”

“சட்டமெல்லாம் நன்னா பேசறே. தமிழ்தான் தகராறு,” என்றாள் ஜெயலட்சுமி.

என்ன நடக்கிறது என்று திவாரி கேட்க, ரங்கராஜன் இந்தியில் விளக்கினார். திவாரியின் முகம் கறுத்தது. “தமிழ் தெரியும் என்று நீ சொன்னதை நம்பித்தானே வந்தேன்? ஒரு நிறத்துக்காக ரெய்டு செய்தோம் என்று நாளைக்கு ஊரே சிரிக்கும். இந்த வேலையை நீ மறந்துவிடலாம்,” என்று இந்தியில் பொரிந்து தள்ளினார்.

ஸ்நேகா தலை குனிந்து நின்றாள். “கலர் என்று சொல்கிறார்கள் சார். ஆனால் அப்படி ஒரு கலரை நான் பார்த்ததே இல்லையே...” என்றாள் இந்தியிலேயே.

ரங்கராஜனால் அதைத் தாங்க முடியவில்லை. தமிழ் தெரியும் என்று சொல்லிக்கொண்டு வந்த ஒரு பெண் ஓர் இந்திக்காரர் முன்னால் இப்படியா மானத்தை வாங்குவது? டெல்லியில் பிறந்த குழந்தைகளே இப்படித்தான். நாம்தான் எடுத்துச் சொல்ல வேண்டும். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அலமாரியைத் திறந்தார். அடுக்கடுக்காகப் புடவைகள். அடித்தட்டில் ஓரமாகப் பளபளத்த நீலத்தை உருவினார்.

“இதோ பாரும்மா! இதுதான் மயில் கழுத்து!”

ஜெயலட்சுமியின் சிரிப்பு சட்டென்று நின்றது. “மாமா, அதை வையுங்கோ! அது கஸ்டமரோடது. மடிப்புக் கலைஞ்சுடும்!”

“கலையட்டும் ஜயா! தமிழ் மானம்னு ஒண்ணு இருக்கோல்லியோ?”

முந்தானையைப் பிடித்து, கொடியில் காயப்போடுகிற மாதிரி ஓங்கி ஓர் உதறு உதறினார்.

அறை முழுக்க நீலம் பறந்தது. மடிப்புக்கு மடிப்பு அடுக்கி வைத்திருந்த விரல்நுனி அளவு இறகுகள். புடவையின் அதே நிறம், அதே மினுக்கல். சோபாவில், தரையில், முருகன் படத்தின் மேல் என்று மெல்ல இறங்கின. நாலைந்து, ரங்கராஜனின் சோப்பு நுரையில் வந்து ஒட்டிக்கொண்டன.

ஜெயலட்சுமி அப்படியே நாற்காலியில் சரிந்தாள்.

“ஷாபாஷ்!” என்றார் திவாரி, தன்னையும் மறந்து.

ஸ்நேகா சிறிய இடுக்கியோடு ரங்கராஜனின் அருகில் வந்தாள். “அசையாதீங்க மாமா. கன்னத்துல இருக்கிறதும் சாட்சிப் பொருள்தான்.”

இந்தி வாடையே இல்லாத அந்தத் தமிழைக் கேட்டு அவர் விழித்தார். “அம்மாடி... நீ...?”

“புடவைக்குள்ள போகுதுன்னுதான் தகவல். எந்தப் புடவைன்னு எனக்குத் தெரியாது. தமிழ் தெரியாத பொண்ணுன்னா யாராவது ஒருத்தர் வேகமா எடுத்துக் காட்டுவாங்கன்னு மட்டும் தெரியும்.”

கடைசி இறகையும் எடுத்து உறையில் போட்டுவிட்டு அவள் நிமிர்ந்து நின்றாள்.

“மத்தபடி, மயில் கழுத்தை நான் பார்க்காத நாளே இல்லைங்க மாமா. காஞ்சிபுரத்துல எங்கப்பா நெய்யறதே அந்தக் கலர்தான்.”