கருப்பனுக்கு மட்டும்

முற்றுகையிட்டு ஊர்ச் சாராயக்கடையை மூடவைத்த பெண்கள், சாமி குத்தம் வந்துவிடக் கூடாதென்று கருப்பசாமி படையலுக்கு மட்டும் ஒரு பாட்டிலை விட்டுவைத்தார்கள். திருவிழாவில் உடுக்கை முழங்க, அந்தப் பெண்களில் ஒருத்தியான ஒச்சம்மாவின் புருஷன் மொக்கராசுமேல் சாமி இறங்கியது. அரிவாளை ஓங்கிக்கொண்டு படையல் முன்னால் ஆடினான்.

"எங்கடி என் பாட்டிலு?"

ஒச்சம்மா அதை எடுத்தாள், நீட்டவில்லை. "கேக்குறது சாமியா, நீயா?"

"கருப்பன்டி நான். குடுக்கலேன்னா ஊரையே அழிச்சிருவேன்."

"சாமிக்கு இல்லாததா. குடிச்சுக்க."

கற்சிலையின் வாயில் பாட்டிலைக் கவிழ்த்தாள். சாராயம் கல்மீசையில் வழிந்து, நெஞ்சில் இறங்கி, மண்ணுக்குள் போயிற்று. ஒரு சொட்டுகூட அவள் மிச்சம் வைக்கவில்லை.

மொக்கராசுவின் ஆட்டம் சட்டென்று நின்றது.

"அடியே, எனக்கு?" என்றான், தன் சொந்தக் குரலில்.

உடுக்கையும் நின்றுவிட்டது. ஓங்கிய அரிவாள் மட்டும் இன்னும் இறங்கவில்லை.