பிரேக்கைப் பற்றி மூச்சு விடாதே

"யோவ் வேல்ராஜ், லாரிக்கு வைக்கப்போர்ல இன்னாய்யா வேலை?"

ரங்கநாதன் இடுப்பில் கைவைத்து நின்றார். அவருடைய வைக்கோல்போருக்குள் அவருடைய லாரி மூக்கைப் புதைத்திருந்தது. மிலிட்டரி ஏலத்தில் எடுத்த கிழட்டு லாரி. ஒரகடம் பக்கம் புதிது புதிதாக முளைக்கிற கம்பெனிகளுக்கு ஜல்லி அடித்துக்கொண்டிருந்தது.

"பிரேக் பிடிக்கல மொதலாளி," என்றான் வேல்ராஜ், தலையிலிருந்த வைக்கோலைத் தட்டியபடி. "முன்னால ஒங்க கெணறும் இருந்துச்சு, போரும் இருந்துச்சு. நாந்தான் யோசிச்சுப் போருக்குள்ள விட்டேன்."

"பெரிய யோசனை! காலைல பிரேக் ஆயில் ஊத்துனியா?"

வேல்ராஜ் வானத்தைப் பார்த்தான். காலையில் டீக்கடை டிவியில் கிரிக்கெட் ஓடியது. ஆயில் மறந்துபோனது. இப்போது ஊற்றியும் பயனில்லை. போரில் முட்டியதில் பிரேக் குழாயும் அறுந்திருந்தது.

"சரி, வெளிய எடு. மணிமங்கலம் சரோஜா வண்டி பாக்க வந்துகினு கீது. அது வாங்கிச்சுன்னா நமக்குப் புது டிப்பரு, நீதான் டிரைவரு. வாங்கலேன்னு வெச்சுக்கோ, வண்டி காயலாங்கடைக்கு, நீ ஒன் ஊரு தென்காசி பஸ்ஸுக்கு. பிரேக்கப் பத்தி மூச்சு உடாதே!"

சரோஜா வந்தாள். லாரியைச் சுற்றி நடந்தாள். பச்சைப் பெயிண்டைத் தடவிப் பார்த்தாள்.

"ஜோரா கீதுண்ணா. ஓட்டியெல்லாம் பாக்க வாணாம்."

வேல்ராஜுக்குப் போன உயிர் திரும்பியது. ஆனால், ரங்கநாதனின் வாய் சும்மா இருக்குமா?

"ஓட்டிப் பாக்காம யாராவது வண்டி வாங்குவாங்களாம்மா? வேல்ராஜ், ஒரு ரவுண்டு கூட்டிகினு போப்பா!"

சொல்லி முடித்த பிறகுதான் அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

ஏரிக்கரைச் சாலை முழுக்க வேல்ராஜ் ஹாரனிலிருந்து கையெடுக்கவில்லை. மூன்றாம் கியர், இரண்டு, ஒன்று என்று இறக்கிக்கொண்டே வந்தான். கரையேறும் மேட்டில் லாரி மூச்சு வாங்கித் தானாகவே நின்றது. பாய்ந்து இறங்கிப் பின்சக்கரத்துக்கு ஒரு கல்லை உருட்டி வைத்தான்.

"இன்னாப்பா கல்லு?"

"எங்க ஊர்ல வண்டிக்கு அப்படித்தான் மரியாத பண்ணுவோம்க்கா."

"சோக்கா நிறுத்தற! குலுங்கவே இல்ல." சரோஜா பின்பக்கம் எட்டிப் பார்த்தாள். "பசங்க இதுல ஏறினா எறங்கவே மாட்டாங்க. எத்தினி பேர் வந்தாலும் எடம் கீது."

வேல்ராஜ் சட்டென்று நிமிர்ந்தான். பசங்களா? பளபளவென்று புது டிப்பர் ஒரு கணம் கண்முன் வந்து நின்றது. அதன் பின்னாலேயே புத்தகப்பையும் தண்ணி பாட்டிலுமாக ஒரு லாரி நிறையப் பிள்ளைகள். டிப்பர் போனால் போகட்டும்.

"யக்கா, பிள்ளையள ஏத்திராதீய! இதுக்குப் பிரேக்கே கெடையாது. இந்த மேடுதான் பிரேக்கு, அந்தக் கல்லுதான் ஹேண்ட் பிரேக்கு. பள்ளிக்கூடத்துக்கு ஓட்டவா வாங்குதீய? நெசத்தச் சொல்லுங்க."

சரோஜா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு அடக்க முடியாமல் சிரித்தாள்.

"தண்டலத்துல மிலிட்டரி ஓட்டல் தொறக்கறேம்பா. சக்கரத்தையெல்லாம் கழட்டிட்டு, வாசல்ல சிமெண்டு மேடை மேல இத்த ஒக்கார வெக்கப் போறேன். சாப்ட வர்ற பசங்க ஏறி வெளையாடும். ஓடற வண்டியாச்சே, வீணாக்கறோமேன்னுதான் யோசிச்சுகினு இருந்தேன். பிரேக்கே இல்லியா? அப்ப முடிச்சுக்கலாம், வா!"