மூன்று மணி ரயிலுக்குள்

"இன்னிக்கும் வேண்டாமா கியோனோம்மா? கூரையில ஆள் உயரத்துக்குப் பனி நிக்குது. கதவே நகர மாட்டேங்குது பாருங்க, உத்தரம் இறங்குதுன்னு அர்த்தம்!"

"இருக்கட்டும் தம்பி, அடுத்த வீட்டைப் பாருங்க" என்று சொல்லிவிட்டு, அதே கதவை இழுத்து மூட முடியாமல் தவித்தார் கியோனோ.

ஜப்பானின் மலையோரக் கிராமங்களுக்கு நாங்கள் தொண்டர் குழுவாகப் பனி வாரப் போனால் தேநீரும் முள்ளங்கி ஊறுகாயும் தந்து உபசரிப்பார்கள். இவர் மட்டும் மூன்று வாரமாக எங்களை வாசலோடு அனுப்பிக்கொண்டிருந்தார். எழுபத்தாறு வயது. கணவர் போய்ப் பல வருடம். தனிக்கட்டை.

"வீம்பு" என்றார் எங்கள் தலைவர் குமகாய். "வீடு தலையில விழுந்தாத்தான் புத்தி வரும். அன்னிக்கும் நாமதான் தோண்டி எடுக்கணும்."

எனக்கும் எரிச்சல்தான்.

சனிக்கிழமை ஊர்க்கூடத்தில் சாப்பிட உட்கார்ந்தோம். கியோனோ விழுந்தடித்துக்கொண்டு வந்தார்.

"உடனே வாங்க தம்பி! மூணு மணி ரயிலுக்குள்ள கூரையில ஒரு பிடி பனி இருக்கக் கூடாது!"

குமகாய்க்குச் சுருக்கென்றது. "மூணு வாரமாக் கெஞ்சினோம். இப்ப என்ன, மகாராஜா வர்றாரா?"

"என் மகன் ஷூஇச்சி வர்றான், டோக்கியோவுலேர்ந்து. நாலு வருஷம் ஆச்சு தம்பி, அவன் முகத்தைப் பார்த்து. பனி வார இங்க யாரும் வர்றதில்லைன்னு போன்ல சொன்னேன். லீவு போட்டுட்டு ஓடி வர்றான். அவன் மெத்தையை அடுப்புப் பக்கம் காயப் போட்டிருக்கேன்."

"நாங்க வர்றதில்லைன்னா சொன்னீங்க?"

"மன்னிச்சுக்கங்க. கூரை சுத்தமா இருந்தா அவன் எதுக்கு வருவான்?"

நான் சாப்பாட்டை மூடி வைத்தேன். குமகாய் விடவில்லை.

"அதான் வர்றான்ல? அவனே ஏறி வாரிட்டுப் போகட்டுமே! எங்க சோத்துல ஏன் மண்ணைப் போடறீங்க?"

கியோனோ ஜன்னல் வழியே தன் வீட்டுக் கூரையைப் பார்த்தார்.

"அவன் அப்பா பனி வாரறப்போ அங்கேர்ந்துதான் விழுந்தார். அவன் வரணும் தம்பி... ஏற வேண்டாம்."