ஏழாவது குழி

"உங்கட வேலையாள் என்ட புள்ளையப் புடிச்சி இழுத்து விழுத்தியிருக்கிறா. இதுக்கு என்ன சொல்றீங்க?"

ஹோட்டல் முகாமையாளர் அன்ரோவின் மேசையில் தொப்பியை எறிந்துவிட்டு நின்றார் ஜெனிஸ்டன். பக்கத்தில் அவருடைய எட்டு வயது மகள் டினோஷா. முழங்காலில் பிளாஸ்ரர்.

ஜெனிஸ்டன் கனடாவில் இருந்து விடுமுறைக்கு வந்தவர். மட்டக்களப்பு வாவிக்கரையில் ஒரு ஹோட்டல், அதோடு சேர்த்து ஒன்பது குழி கோல்ஃப் மைதானம் என்று இணையத்தில் பார்த்துவிட்டு, ஒரு கிழமைக்கு அறை எடுத்திருந்தார்.

"மற்ற எட்டுக் குழியும் பரவாயில்ல. இந்த ஏழாவது குழியில, எப்படி அடிச்சாலும் பந்து வாவிப் பக்கமாத்தான் உருளுது. சரி, கஷ்டமான இடம் எண்டு விடுவம். கரையில புல்லு இடுப்பளவுக்கு நிக்குதே, அத ஏன் வெட்டல்ல?"

"அது... பாக்கிறம் சேர்."

"பந்து அங்க விழுந்தா, நான் போறதுக்கிடையில அந்தப் பொம்புள ஓடிப்போய் எடுத்து மேட்டில வெச்சிட்டு நிக்கிறா. விழுந்த இடத்தில இருந்துதானே அடிக்கணும்? விளையாட்டுத் தெரியாத ஆளையா வெச்சிருக்கிறீங்க? கேட்டா பதிலும் இல்ல. இண்டைக்கு மகள் பந்தெடுக்க ஓடினா. பின்னால வந்து தலைமயிரப் புடிச்சி இழுத்திருக்கிறா!"

அன்ரோ ஆளனுப்பி யசோதினியைக் கூப்பிட்டார்.

கொக்கட்டிச்சோலைப் பக்கத்து ஆள். மூன்று வருசமாக அந்த மைதானத்தில் புல் வெட்டி, தண்ணீர் விட்டு, விளையாட வருகிறவர்களுக்கு உதவிக்கு நிற்கிறாள். புருசன் செத்த பிறகு அவளுக்குக் கிடைத்த ஒரே நிரந்தர வேலை.

உள்ளே வந்தவள் முதலில் குழந்தையைத்தான் பார்த்தாள்.

"கால் நோகுதா மகள்?"

டினோஷா அப்பாவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

"புள்ளைய இழுத்தியா?" என்றார் அன்ரோ.

"ஓம் சேர்."

"ஏன்?"

யசோதினி அன்ரோவின் முகத்தையே பார்த்தாள். சொல்லட்டா என்று கேட்பது போல இருந்தது. அவர் குனிந்து மேசையில் கிடந்த தாளைப் பார்த்தார்.

"மன்னிச்சுக்கங்க சேர்" என்றாள் ஜெனிஸ்டனிடம்.

"மன்னிக்கிறது இருக்கட்டும். காரணத்தச் சொல்லு."

அவள் திரும்பவும் அன்ரோவைப் பார்த்தாள்.

"பாத்தீங்களா? இதான் உங்கட சேவை. இத நான் இணையத்தில எழுதத்தான் போறன். நாலு பேர் தெரிஞ்சுகொள்ளட்டும்."

அன்ரோ சட்டென்று எழுந்தார்.

"யசோதினி, நாளைக்கு நீ வரத் தேவையில்ல."

"சேர்!" அவள் மேசைக்குக் கிட்ட வந்தாள். "மறுகாவும் வட்டைக்கு வயல் கூலிக்குப் போறதா? வருசத்தில மூணு மாசந்தான் அங்க வேல. ரெண்டு புள்ளையளயும் வெச்சிக்கிட்டு என்ன செய்வன்? வேற என்ன வேலையெண்டாலும் தாங்க. கக்கூசக் கழுவுறன்."

ஜெனிஸ்டனுக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. "நான் ஆள நிப்பாட்டச் சொல்லல்ல..."

"நீங்க யோசிக்காதீங்க சேர். எங்களுக்கு விருந்தாளியள்ட பாதுகாப்புத்தான் முக்கியம்."

தகப்பனும் மகளும் வெளியே போனதும் அன்ரோ குரலைத் தாழ்த்தினார்.

"வெளியில போய்க் கண்டதையும் கதைச்சியெண்டா, குசினியில சமைக்கிற உன்ட தங்கச்சியும் நாளைக்கு வீட்டிலதான். விளங்குதா?"

யசோதினி தலையை ஆட்டினாள்.

வாசலுக்குப் போகிற வழியில், மர நிழலில் ஜெனிஸ்டன் மகளுக்கு ஐஸ்கிறீம் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார். யசோதினி அவர்களைத் தாண்டிப் போனாள். பிறகு நின்றாள். திரும்பி வந்தாள்.

"சேர், புள்ளைய அந்த ஏழாவது குழிப் பக்கம் கூட்டிட்டுப் போகாதீங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"என்ன, மிரட்டுறியா? நாளைக்கும் அங்கதான் விளையாடுவம். என்ன செய்வாய், பாப்பம்."

சொல்ல வாய் எடுத்தாள். குசினிப் பக்கம் பார்த்தாள். பையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்துவிட்டாள்.

வாசலில் காவலாளி அவளுடைய பையைத் திறந்து பார்த்தார். முகத்தைப் பார்க்கவில்லை. பஸ் வரும்வரை அவள் ரோட்டோரம் குந்தியிருந்து அழுதாள். பஸ் வந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஏறினாள். பிள்ளைகளுக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை.

அடுத்த நாள் காலையில் அவளுடைய இடத்துக்கு மேர்லின் என்ற பெண் வந்தாள். அன்ரோவே அவளை ஏழாவது குழிக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

"நல்லாக் கேளு. புல்ல வெட்டச் சொல்லி ஆரு சொன்னாலும் கரைக்கு இறங்காத. பந்து அங்கால போனா, அவங்க வாறதுக்கு முந்தி தடியால தட்டி எடுத்து மேட்டில போடு. சின்னப் புள்ளையள் ஓடினா, கையோ தலைமயிரோ, அம்பிடுறதப் புடிச்சி இழு."

"ஏன் சேர்?"

அன்ரோ சுற்றிலும் ஒரு முறை பார்த்துக்கொண்டார்.

"அந்தப் புல்லுக்குள்ள முதலை கிடக்கு. வெளியில தெரிஞ்சா ஒரு விருந்தாளியும் வரமாட்டான். என்ன நடந்தாலும் வாய் திறக்கப்படாது. உனக்கு முந்தி நிண்ட யசோதினியப் போல இருக்கணும். வேலைய விட்டு நிப்பாட்டின நேரத்திலயும் அவ சொல்லல்ல."